புழுவண்டு தீர்த்து வைத்த வழக்கு

சென்ற திங்கள் நமது சங்கத்து அன்பர் ஒருவரின் இல்லத்தில் மகவு பிறந்த செய்தி கேட்டுக் கற்கண்டும் பழமும் வாங்கிக்கொண்டு காணச் சென்றிருந்தோம். தாயும் சேயும் நலமாகவே இருந்தனர். ஆயினும் வீட்டில் மகிழ்ச்சியின் அரவம் இல்லை. பிறந்தது பெண், முன்னர்ப் பிறந்த இருவரும் பெண்களே. பிள்ளைப் பேற்றுக்கு உதவியாக ஊரிலிருந்து வந்திருந்த அன்பரின் அன்னையார், நாம் நீட்டிய கற்கண்டுப் பொட்டலத்தைக் கை நீட்டி வாங்காமலே, "மூணும் பொட்டப்புள்ளையாப் பெத்துட்டா தம்பி. என் மகன் என்ன பண்ணுவான், பாவம்!" என்றார். அடுத்த அறையில் படுத்திருந்த மருமகளின் செவியில் அச்சொல் விழாமல் இருந்திருக்க வழியில்லை. நாமோ விடை ஒன்றும் கூறாது, பொட்டலத்தை மேசைமீது வைத்துவிட்டுத் திரும்பினோம்.

வழிநெடுக அந்த மௌனம் நம்மை உறுத்தியது. அந்த அன்னையாருக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடையை 1905-ஆம் ஆண்டிலேயே ஓர் அமெரிக்கப் பெண்மணி தமது நுண்நோக்கியின் வழியே கண்டறிந்து உலகுக்கு எழுதிவைத்துவிட்டார். அவர் பெயர் நெட்டி மரியா ஸ்டீவன்ஸ். அவருக்குச் சான்று பகர்ந்ததோ ஒரு சாதாரணப் புழுவண்டு. இத்திங்கள் அவ்விருவரின் கதையையும் நேயர்களுக்குச் சொல்ல விழைகின்றோம்.

பிறக்கும் மகவு ஆணாவதும் பெண்ணாவதும் எதனால் என்னும் கேள்வி மனித இனத்தைப் போலவே பழமையானது. கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், சூடு மிகுந்தால் ஆணும், அது குறைந்தால் பெண்ணும் உண்டாகும் என்று கருதினார். வலப்புறத்தில் தங்கினால் ஆண், இடப்புறத்தில் தங்கினால் பெண் என்றவரும் உளர். நம் பாட்டிமார் வயிற்றின் அமைப்பைப் பார்த்தும், மசக்கையில் புளிப்பைத் தேடுகிறாளா இனிப்பைத் தேடுகிறாளா என்று கேட்டும் முடிவு கட்டினர். விஞ்ஞானம் வளர்ந்த பிறகும் இக்கேள்வி தெளியவில்லை. பாட்ரிக் கெட்டிஸ் என்னும் ஸ்காத்லாந்து அறிஞர் தாம்சன் என்பாருடன் சேர்ந்து 1889-இல் வெளியிட்ட நூல் ஒன்றில், நல்ல ஊட்டம் பெண்மைக்கும் ஊட்டக்குறைவு ஆண்மைக்கும் துணை செய்கின்றன என்று வாதித்தார். இந்தக் கெட்டிஸ்தான் பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து நகரங்கள் பலவற்றுக்குத் திட்டம் வகுத்தவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியராகவும் விளங்கியவர். அத்தகைய பேரறிஞரே உணவைக் காரணம் காட்டினார் எனில், ஏனையோரைக் குறை கூறுவானேன்?

இக்கொள்கைகளுட் பெரும்பாலானவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. தாயின் உடல், தாயின் உணவு, தாயின் வயிறு என்று எல்லா விரல்களும் அவளையே சுட்டின. காரணம் அவளிடத்தில் இருப்பதாகக் கொண்டால், பழியும் அவளிடத்திலேயே சென்று சேரும் அன்றோ?

நெட்டி ஸ்டீவன்ஸ் 1861-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள், அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கேவண்டிஷ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தச்சுத் தொழிலாளர். படிப்பில் முதன்மையாக விளங்கியபோதிலும், அக்காலப் பெண்களுக்குத் திறந்திருந்த கதவுகள் சிலவே. ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் கற்பித்தார், நூலகத்திலும் பணியாற்றினார். ஊதியத்தில் மிச்சம் பிடித்துச் சேர்த்த பொருளோடு, 1896-இல் கலிபோர்னியாவில் உள்ள ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மாணவியாகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 35. பத்தாம் வகுப்போடு கல்விக்கு விடைகொடுத்துவிட்டு இருப்புப்பாதை அலுவலகத்தில் பேரேடு எழுத வந்துவிட்ட நமக்கு, இந்த 35 என்னும் எண்ணைப் படித்தபோது ஒரு கணம் மேலே படிக்க இயலவில்லை. நாம் இனி என்ன கற்கப் போகிறோம் என்று கைவிட்ட அதே வயதில் அந்த அம்மையார் இளம் மாணவர்களோடு வகுப்பில் போய் அமர்ந்தார்.

1899-இல் இளங்கலைப் பட்டமும் 1900-இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். பின்னர்ப் பென்சில்வேனியா மாநிலத்துப் பிரின் மார் மகளிர் கல்லூரியை அடைந்து, 1903-இல் டாக்டர் பட்டம் பெற்றார். இடையில் இத்தாலியின் நேபில்ஸ் நகரத்து ஆராய்ச்சி நிலையத்திலும், ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் போவெரி என்னும் பேரறிஞரிடத்திலும் பயின்றார். பட்டம் கிடைத்தபோது வயது நாற்பதைக் கடந்திருந்தது. நிலையான வருவாயோ இல்லை. வாஷிங்டனில் உள்ள கார்னகி நிறுவனம் அளித்த உதவித்தொகையே அவர் மனக்கவலையின்றி ஆராய்ச்சியில் இறங்க வழிசெய்தது.

அவர் எதைத் தேடினார் என்பதை அறிய, உயிரணுவின் உள்ளே சற்று எட்டிப் பார்த்தல் வேண்டும். நம் உடல் கோடானுகோடி உயிரணுக்களால் ஆனது. உயிரணு வகைகளுட் பெரும்பாலானவற்றின் உள்ளே உட்கரு ஒன்று உண்டு. உயிரணு இரண்டாகப் பிரியும் தறுவாயில் சாயமேற்றிப் பார்த்தால், அவ்வுட்கருவில் நூல் துண்டுகளைப் போன்ற சிறு கோல்கள் தெரியும். குரோமோசோம்கள் என்பவை இவையே. இவை இணை இணையாக அமைந்திருக்கும். தாயின் முட்டையணுவிலும் தந்தையின் விந்தணுவிலும் மட்டும், ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்று வீதம், பாதி எண்ணிக்கையே இருக்கும். இரண்டு பாதிகளும் கூடும்போது எண்ணிக்கை மீண்டும் முழுமை பெறுகிறது.

1891-இல் ஜெர்மானியரான ஹென்கிங், ஒருவகைப் பூச்சியின் விந்தணுக்களை ஆராய்ந்தபோது, அவற்றுட் பாதியில் மட்டும் ஒரு பொருள் மிகுதியாக இருப்பதைக் கண்டார். இன்னதென்று விளங்காமையால் அதற்கு எக்ஸ் என்று குறியிட்டார். சில ஆண்டுகள் கழித்து அமெரிக்கரான மெக்ளங் வெட்டுக்கிளிகளை ஆராய்ந்து, ஆண் பெண் வேற்றுமைக்கும் இப்பொருளுக்கும் தொடர்பு இருத்தல் வேண்டும் என்று கூறினார். ஊகம் சிறந்தது, ஆனால் அது உள்ள விந்தணு ஆணை உண்டாக்கும் என்று தலைகீழாகக் கொண்டுவிட்டார். பெண் பூச்சியின் உயிரணுக்களையும் சரியாக எண்ணிப் பார்த்தாலன்றி இவ்வழக்குத் தீராது.

ஸ்டீவன்ஸ் அம்மையார் அந்த எண்ணிக்கையை மேற்கொண்டார். அவர் தேர்ந்தெடுத்த உயிர்களுள் ஒன்று மாவுப்புழு வண்டு. நம் வீட்டு அடுக்களையில் நாட்பட்ட கோதுமை மாவைச் சலிக்கும்போது தென்படுகின்ற சிறு வண்டுக்கு அது உறவினம். ஆண் வண்டின் உறுப்புகளையும் பெண் வண்டின் உறுப்புகளையும் மெல்லிய சீவல்களாக அறுத்து, சாயமேற்றி, நுண்நோக்கியின்கீழ் வைத்து, ஒவ்வோர் உயிரணுவாக எண்ணினார். பெண் வண்டின் உயிரணுவில் 20 குரோமோசோம்கள், இருபதும் பெரியவை. ஆண் வண்டின் உயிரணுவிலும் 20 குரோமோசோம்கள்தாம். ஆனால் பத்தொன்பது பெரியவை, ஒன்று மட்டும் மிகச் சிறியது.

பார்சல் அலுவலகத்தில் மூட்டைகளைச் சீட்டோடு ஒத்துப் பார்க்கும் எழுத்தர்களுக்கு இதன் அருமை புரியும். சீட்டில் 20 என்று இருந்து, மூட்டையும் 20 இருந்தால், சரியென்று ஒப்பமிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பவரே பலர். இருபதில் ஒன்று மட்டும் ஏன் சிறுத்திருக்கிறது என்று நின்று கேட்பவர் மிகச் சிலர். அம்மையார் நின்று கேட்டார்.

விடை தெளிவாயிற்று. பெண் வண்டின் முட்டையணு ஒவ்வொன்றிலும் 10 பெரிய குரோமோசோம்கள் இருக்கும். அவற்றுள் வேற்றுமையே இல்லை. ஆண் வண்டின் விந்தணுக்களோ இருவகைப்படும். ஒரு பாதியில் 10 பெரியவை. மறு பாதியில் 9 பெரியவையும் ஒரு சிறியதும். முதல் வகை விந்தணு முட்டையோடு கூடினால் இருபதும் பெரியவையாகிப் பெண் வண்டு தோன்றும். இரண்டாம் வகை கூடினால் பத்தொன்பதும் ஒரு சிறியதுமாகி ஆண் வண்டு தோன்றும். ஆக, வேற்றுமை தாய் தரும் பாதியில் இல்லை. தந்தை தரும் பாதியில் இருக்கிறது. உணவும் சூடும் வலமும் இடமும் இவ்வழக்கில் சாட்சிகளே அல்ல. இம்முடிவு 1905-இல் கார்னகி நிறுவனத்து வெளியீடாக வந்தது. அப்பெரிய குரோமோசோமை எக்ஸ் என்றும் அதன் சிறு துணையை ஒய் என்றும் இன்று வழங்குகின்றோம்.

அதே ஆண்டில், நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்மண்டு வில்சனும் வேறு பூச்சிகளைத் தனியே ஆராய்ந்து இதையொத்த முடிவுக்கு வந்தார். அவர் தமது கட்டுரையில் அம்மையாரின் முடிவைக் குறிப்பிடவும் தவறவில்லை. ஆனால் வில்சன் அப்போதே புகழ்பெற்ற பேராசிரியர். அம்மையாரோ அண்மையில் பட்டம் பெற்ற உதவி ஆராய்ச்சியாளர். பாடநூல்கள் பலவற்றில் வில்சனின் பெயர் நின்றது. ஸ்டீவன்ஸின் பெயர் நெடுங்காலம் விடுபட்டுப் போயிற்று. அம்மையார் அதைப் பொருட்படுத்தி நிற்கவில்லை. ஏறத்தாழ ஐம்பது வகை வண்டுகளையும் ஒன்பது வகை ஈக்களையும் தொடர்ந்து ஆராய்ந்தார். பிரின் மார் கல்லூரி அவருக்கென்றே ஓர் ஆராய்ச்சிப் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தியது. அதில் அமரும் முன்னரே, 1912-ஆம் ஆண்டு மேத் திங்கள் 4-ஆம் நாள், மார்பகப் புற்றுநோயால் காலமானார். வயது ஐம்பதே. அவருக்குக் கற்பித்த ஆசிரியர்களுள் ஒருவரான தாமஸ் மார்கன், மரபியலில் குரோமோசோம்களின் பங்கைக் கண்டறிந்தமைக்காக 1933-இல் நோபல் பரிசு பெற்றார். அம்மாளிகைக்குக் கடைக்கால் இட்ட கைகளுள் நெட்டி ஸ்டீவன்ஸின் கைகளும் அடங்கும்.

"வண்டுக்கு உள்ள விதி மனிதனுக்கும் பொருந்துமோ?" என்று நேயர்கள் கேட்கலாம். கேட்டல் முறையே, ஏனெனில் இயற்கைக்கு வழி ஒன்றல்ல. கோழி முதலிய பறவைகளில் இருவகை அணுக்களைத் தருவது தாயே. பாம்புகள் பலவற்றிலும் அவ்வாறே. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பாம்புகளின் குரோமோசோம்களை ஆராயத் தொடங்கிய லால்ஜி சிங், பின்னர்க் கட்டுவிரியன் இனத்துப் பாம்பு ஒன்றிலிருந்து கண்ட டி.என்.ஏ. துணுக்கைக்கொண்டே, ஐதராபாத்து ஆராய்ச்சி நிலையத்தில் ஆளை அடையாளம் காணும் முறையை வகுத்தார். முதலைகளிலோ இக்குரோமோசோம் வேற்றுமையே இல்லை; முட்டை கிடக்கும் மணலின் வெம்மையே ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிறது. சென்னையை அடுத்த முதலைப் பண்ணையில் நடந்த ஆராய்ச்சி 1989-இல் வெளியாயிற்று. சதுப்புநில முதலையின் முட்டைகளை 31 பாகைச் சூட்டுக்கு மேற்படாமல் வைத்தால் குஞ்சுகள் பெண்ணாகவே பொரிகின்றன என்றும், 32.5 பாகையளவில் ஆண் குஞ்சுகள் பொரிகின்றன என்றும் அது காட்டிற்று. அரிஸ்டாட்டில் சொன்ன சூடு மனிதருக்குப் பொருந்தாவிடினும் முதலைக்கு ஒருவாறு பொருந்திவிட்டது!

மனிதரைப் பொறுத்தவரை ஐயத்துக்கு இடமில்லை. மனித உயிரணுவில் உள்ளவை 46 குரோமோசோம்கள் என்பது 1956-இல் உறுதியாயிற்று. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். தாயிடமிருந்து எப்போதும் எக்ஸ்தான் வரும். தந்தையிடமிருந்து எக்ஸும் வரலாம், ஒய்யும் வரலாம். சிலருடைய உடல் இந்த அமைப்பினின்றும் மாறி அமைவதுண்டு. அவர்களும் இயற்கையின் மக்களே. அத்தகையோரை 1959-இல் ஆராய்ந்தபோதுதான், ஆண்மைக்குக் காரணம் ஒய் குரோமோசோமே என்பது மனிதரில் நிலைநாட்டப்பட்டது. 1990-இல் லண்டன் விஞ்ஞானிகள் அந்த ஒய்யினுள்ளும் குறிப்பாக எப்பகுதி இவ்வேலையைச் செய்கிறது என்று கண்டு, அதற்கு எஸ்.ஆர்.ஒய். என்று பெயரிட்டனர். மறு ஆண்டே, பெண்ணாக வளரவேண்டிய எலிக் கருவில் அதற்கு இணையான பகுதியைச் செலுத்தி, அதை ஆண் எலியாக வளரச் செய்து காட்டினர். மாவுப்புழு வண்டில் தொடங்கிய வழக்கு அங்கே முழுத் தீர்ப்புப் பெற்றது.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு இடங்கொடுத்தல் ஆகாது. "அப்படியானால் குற்றம் தந்தையுடையது" என்று சிலர் சொல்லத் தொடங்கலாம். பழியை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றுவதற்காக நாம் இதை எழுதவில்லை. கோடிக்கணக்கான விந்தணுக்களுள் எது முந்தும் என்பது தந்தையின் விருப்பத்தாலோ வலிமையாலோ நடப்பதன்று. அது நாணயத்தைச் சுண்டிப் போடுவது போன்றது. நூறு பெண்மகவுகளுக்கு ஏறத்தாழ 105 ஆண்மகவுகள் பிறப்பது இயற்கையின் கணக்கு. நாணயத்தை மும்முறை சுண்டினால் மூன்றும் பூவாக விழுவது எட்டுக்கு ஒரு முறை நிகழக்கூடியதே. முன் விழுந்தவற்றை நாணயம் நினைவில் வைத்துக்கொள்வதுமில்லை. ஆகவே, "மூன்று பெண்ணாயிற்று, அடுத்தது ஆணாகத்தான் இருக்கும்" என்பதற்கும் விதி இல்லை. குற்றமே இல்லாத இடத்தில் குற்றவாளியைத் தேடுவானேன்?

அவ்வாறு தேடியதன் விலையை நம் நாடு கொடுத்துவருகிறது. ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில், ஆயிரம் ஆண்களுக்கு 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 976 பெண்கள் இருந்தனர். 1991-இல் 945, 2001-இல் 927, 2011-இல் 918. கருவில் இருப்பது பெண் என்று கருவியால் அறிந்து, பிறக்குமுன்னே அழித்ததன் சுவடு இதில் பதிந்திருக்கிறது. இதைத் தடுக்க 1994-இல் சட்டம் இயற்றப்பட்டது. கருவின் பால் இன்னதென்று சொல்வதும் கேட்பதும் அச்சட்டப்படி குற்றம். அதில் ஒரு பிரிவு நம் உள்ளத்தைத் தொட்டது. இச்சோதனைக்கு உட்பட்ட பெண், கணவனோ உறவினரோ வற்புறுத்தியதாலேயே அதற்கு உடன்பட்டாள் என்று, மாறாக மெய்ப்பிக்கப்படும்வரை, நீதிமன்றம் கருதிக்கொள்ள வேண்டுமாம். அடுத்த அறையில் படுத்திருப்பவளின் செவியில் விழும் சொற்கள் எவ்வளவு கனமானவை என்பதைச் சட்டம் வகுத்தோர் அறிந்திருந்தனர் போலும்.

இக்கட்டுரைக்கு வேண்டிய செய்திகளைத் திரட்டிய பின், சென்ற ஞாயிறன்று மீண்டும் அந்த அன்பரின் இல்லத்துக்குச் சென்றோம். கற்கண்டுப் பொட்டலம் வைத்த இடத்திலேயே இருந்தது. அன்னையாரிடம் வண்டின் கதையை நம்மால் இயன்றவரை எளிதாகச் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்போ குத்தம் என் மகன் மேலயா?" என்றார். "இல்லை அம்மா, யார்மேலும் இல்லை. சீட்டுக் குலுக்கியது போலத்தான்" என்றோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "இவனுக்கு முன்னாடி எனக்கு நாலு பொண்ணு தம்பி. நாலாவது பொறந்தப்ப என் மாமியா புள்ளையத் தொடவே இல்ல. அப்ப யாரும் இதச் சொல்லலியே" என்றார். சொல்லிவிட்டு எழுந்து உள்ளே சென்றார். மருமகளைப் பெயர் சொல்லி அழைத்து, சாப்பிட வருமாறு அவர் கூறியது நமக்குக் கேட்டது.

வீடு திரும்பியதும், நமது சங்க இதழின் பழைய பிரதிகளை எடுத்து, 'மங்கலச் செய்திகள்' பக்கத்தைப் புரட்டிப் பார்த்தோம். ஆண்மகவு பிறந்த செய்தி தவறாது வந்திருக்கிறது. தலைமகள் பிறந்த செய்தியும் வந்திருக்கிறது. இரண்டாம் பெண், மூன்றாம் பெண் பிறந்த செய்திகள் ஒன்றிரண்டேனும் இருக்கும் என்று தேடினோம், கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. நம் குடியிருப்புகளில் அத்தகைய குழந்தைகள் பிறக்காமல் இல்லை. அவர்கள் இன்று பள்ளிக்குச் செல்வதையும், சங்கத்தின் பொங்கல் விழாவில் பாடுவதையும் நாம் காண்கின்றோம். செய்தியை எழுதியனுப்பப் பெற்றோருக்கு மனம் வரவில்லை, அவ்வளவே.

ஆகவே உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். இனி உங்கள் இல்லத்தில் எத்தனையாவது மகள் பிறந்தாலும், அச்செய்தியை இதழுக்கு எழுதியனுப்புங்கள். அன்பரின் இசைவோடு முதற்செய்தியை நாமே ஆசிரியரிடம் கொடுத்துவிட்டோம். அது இவ்விதழிலேயே உரிய பக்கத்தில், தாயும் சேயும் நலம் என்னும் குறிப்போடு வெளிவருகிறது.